ஏப்ரல் பதினொன்று, 190 மீட்டர் ஆழம்

அதற்குக் காது இல்லை.
பிர்கித்தெ அனுப்பிய நிரல்
ஒலியைப் படமாக விரித்துவைத்துக்கொண்டு
கண்ணால்தான் கேட்கிறது.
கறுப்பின்மேல் மஞ்சள் வளைவு சரிந்தால்
தாடிக் கடல்நாய், 97 சதவீதம்.
செங்குத்துக் கோடுகள் நெருங்கி நெருங்கி வந்தால்
கொம்புத் திமிங்கிலம் இரை தேடுகிறது.
விளிம்பில்லாத பொடிப் புள்ளிகள் என்றால்
உருகும் பனிமலை:
யாரும் மூச்சு விட்டிராத காலத்துக் காற்று
குமிழ் குமிழாய்ப் பொரிந்து வெளியேறுவது.

என் வேலை, ஆம் அல்லது இல்லை.
கானாக்கில், மீன் கிடங்கின் பின்னறையில்,
ஹாலிபட் வாடை ஊறிய நாற்காலியில் உட்கார்ந்து
மணிக்கு இத்தனை குரோனர் என்று
கடலுக்கு ஆமாம் போடுகிறேன்.

மார்ச்சில் பனியைத் துளைத்து இறக்கிய கருவி
ஜூலையில் மேலே வந்தது, பாசி ஒட்டிக்கொண்டு,
நாலு மாத இருட்டை வயிற்றில் சுமந்து.
மூவாயிரம் மணி நேரம்.
நிரலுக்கு ஒன்றரை நாள் போதுமாக இருந்தது.
ஆயிரத்து நானூற்று ஆறாவது துண்டில்தான்
தயங்கியது.

ஏப்ரல் 11, பிற்பகல் 2:40.
'தெரியாதது. உயிருள்ளது. 61.'

தொம். தொம்.
பத்து எண்ணும் நேரம் ஒன்றுமில்லை.
தொம், ஓர் உராய்வு, தொம்.
வால்ரஸ் பனியை முட்டுகிறதோ என்று
பதினொரு தடவை கேட்டேன்.
பன்னிரண்டாவதில்
என் இடது பூட்ஸைக் கண்டுபிடித்தேன்,
பாதத்தைக் கொஞ்சம் இழுத்து வைக்கும் அந்த நடையை.

தம்பி மித்தெக் பனி விளிம்புக்குப் போய் அன்று மூன்றாம் நாள்.
காற்று திசை மாறியிருந்தது.
ரேடியோவில் வெறும் கரகரப்பு.
துளைக்குப் பக்கத்தில் நின்றால் விரிகுடாவின் வாய் தெரியும்,
அதனால் அங்கே போனேன்,
போன இடத்திலேயே நடந்துகொண்டிருந்தேன்.
அழவில்லை. வாயைத் திறக்கவில்லை.
பிறகும் யாரிடமும் சொன்னதில்லை.
கீழே கடல் ஒட்டுக்கேட்டிருக்கிறது.

அடுத்த துண்டு, அதே நாள், மாலை 7:15.
'மழை. 88.'
எங்கள் ஊரில் ஏப்ரலில் மழையாம்!
சிரித்துக்கொண்டேதான் காதில் மாட்டினேன்.
தூரத்தில் பொட்டுப் பொட்டாய்,
அப்புறம் வலுத்து,
அப்புறம் தலைக்கு நேர் மேலே கொட்டோ கொட்டென்று.

பதின்மூன்று நாய்கள்.
ஐம்பத்திரண்டு பாதங்கள். இல்லை, ஐம்பத்தொன்று,
சிவப்புப் பெட்டை ஒரு காலைத் தூக்கிக்கொண்டு வந்தது.
பின்னாலேயே இழுபடும் வண்டியின் கனம்.

பட்டியலில் கப்பல் இருக்கிறது, நிலநடுக்கம் இருக்கிறது,
மனிதர் என்று ஒரு வகை இல்லை.
பிர்கித்தெக்கு எழுதினேன்.
'இரைச்சல் என்று ஒதுக்கிவிடு' என்று பதில்;
கீழே, 'தப்பாக எடுத்துக்கொள்ளாதே.'
ஒதுக்கவில்லை. புதிதாக ஒரு வரி சேர்த்தேன்:
பனிமேல் ஆள். ஒருவர்.

மழையையும் திருத்தத்தான் வேண்டும்.
இங்கே ஏப்ரலில் நிஜமாகவே பெய்யும் காலம் வரலாம்,
அன்றைக்கு அதற்கு
மழை எது என்று தெரிந்திருக்க வேண்டும்.
திருத்தினேன், ஆனால் மறுநாள்.
ராத்திரியே வராத ஜூலையில்
ஒரு ராத்திரிக்கு
அப்படியே இருக்கட்டும் என்று
திரையை மூடிவிட்டு வெளியே வந்தேன்.

மித்தெக் படகடியில் உட்கார்ந்து
வலையின் சிக்கெடுத்துக்கொண்டிருந்தான்.
நனைந்துவிட்டாயா என்று கேட்டேன்.
எதில் என்றான்.