நாற்பத்தேழாவது வரி

வால்டிவியாவில் மழை, எட்டாவது நாள்.
விறகடுப்பை ஒட்டி எங்கள் அலுவலகம்:
நான்கு பேர், ஐந்து நாற்காலி.
ஐந்தாவதற்குத்தான் இந்தப் பாடெல்லாம்.

நாற்பத்தொரு விண்ணப்பங்கள்.
பேரார்வம் கொண்டவர்கள் மட்டும் முப்பது பேர்.
ஒருவர் எங்கள் நிறுவனத்தின் பெயர் வர வேண்டிய இடத்தில்
வேறொன்றின் பெயரை மாற்றாமல் விட்டிருந்தார்.
அவரை ஒதுக்க மனம் வரவில்லை,
நானும் ஒரு காலத்தில் அப்படி அனுப்பியவள்.

எலிசெயோ மதிப்பெண் தாள் தயாரித்தான்:
தர்க்கம் பத்து, வேகம் பத்து, பழகும் விதம் ஐந்து.
கேள்வி யோசிக்க நேரமில்லை.
எங்கள் நிரலிலிருந்தே அறுபது வரியை வெட்டி ஒட்டினேன்,
படகுக்காரர்களுக்குக் கட்டணம் போடும் பகுதி.
இருபதாவது வரியில் ஒரு பிழையைச் செருகினேன்.

பலர் பத்தே நிமிடத்தில் கண்டுபிடித்தார்கள்.
ஒருவர் முழுவதையும் வேறு மொழியில் எழுதித் தந்தார்,
யாரும் கேட்காமலே.

மில்யாராய் நனைந்த காலணியோடு வந்தாள்.
பகலில் ரொட்டிக்கடைக் கல்லா, இரவில் படிப்பு.
முதல் கேள்விக்குத் தெரியாது என்றாள்.
இரண்டாவதற்கும்.
எலிசெயோ பேனாவை மூடிவிட்டான்.
அவள் திரையை நெருங்கி, உதடு அசைய,
ரசீதைச் சரிபார்ப்பது போல் வாசித்தாள்.
"இருபதில் இருப்பது நீங்கள் வைத்தது," என்றாள்.
"நாற்பத்தேழில் இருப்பது யார் வைத்தது?"

அங்கே ஒன்றுமில்லை என்றேன்.
இருந்தது.
மாதத்தின் கடைசி இரவில்
பன்னிரண்டைத் தாண்டிக் கரை சேரும் படகுக்கு
இரண்டு முறை கட்டணம்.

ஆற்றோரம் மீன்சந்தைப் படியில்
கடற்சிங்கம் ஒன்று கத்திக்கொண்டே இருந்தது.

கணக்குப் பார்த்தோம். பதினோரு மாதம்.
அதிகம் இழந்தவர் எவாரிஸ்தோ.
மார்ச்சில் தொப்பியைக் கையில் பிடித்தபடி வந்து
கேட்டுவிட்டுத்தான் போனார்;
கணினி தப்புப் பண்ணாது என்று
அன்பாகவே சொல்லி அனுப்பியிருந்தேன்.

எல்லோருக்கும் திருப்பித் தர வேண்டிய தொகை
ஐந்தாவது நாற்காலியின் மூன்று மாதச் சம்பளம்,
அதற்கு மேலும் சில்லறை.

அவளிடமே சொன்னேன்.
"அப்படியானால் அக்டோபரில் வருகிறேன்,"
மழைச்சட்டையின் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னாள்,
"முதலில் அவர்களுக்குக் கொடுங்கள்."

எலிசெயோ மதிப்பெண் தாளை
நான்காய் மடித்து அடுப்பில் போட்டான்.
திரையில் நாற்பத்தேழாவது வரி அப்படியே.
பக்கத்தில், சாம்பல் நிறத்தில், சின்னதாக
எழுதியவர் பெயர்:
என்னுடையது.