நிறத்துக்கான கட்டம்

கெடிலத்தின் தென்கரை, காலை ஏழு மணி.
படிவத்தில் எட்டுக் கட்டங்கள்.
உயரம், தண்டு, இலை, இலையடி,
வாசம், பூ, காய் வரைக்கும் தயங்கமாட்டேன்.
எட்டாவது எனக்கு எட்டாது.
அது நிறம்.

"ஷம்சாத், இதுக்கு என்ன போடலாம்?" என்பேன்
பேனா மூடியைக் கடித்தபடி,
ஏதோ நுட்பமான சந்தேகம் வந்தவன்போல.
"நீலம்தான் சார்."
கேமராவிலிருந்து கண்ணெடுக்க மாட்டாள்.
அடுத்த புதரில், "இது கொஞ்சம் ஊதா அடிக்குது."
தலையாட்டி எழுதிக்கொள்வேன்.
எனக்கு இரண்டும்
பலமுறை துவைத்த ஒரே சட்டை.

நொச்சியை எனக்குத் தெரியும்.
இளந்தண்டை விரல்களுக்கிடையே உருட்டினால் உருளாது,
நாலு பட்டை.
ஒரு காம்பில் ஐந்து இலை, சில நேரம் மூன்று.
நடு இலை மட்டும் தனக்கென்று ஒரு குட்டிக்காம்பு வைத்துக்கொண்டு
பந்தியில் நாற்காலியைத் தள்ளிப் போட்ட
மாப்பிள்ளை வீட்டார் மாதிரி இருக்கும்.
அடியில் சுண்ணாம்பு வெளுப்பு.
கசக்கினால்
சளி பிடித்த இரவில் போர்வைக்குள் ஏறிய ஆவி.

நீர்நொச்சி, கடலோரத்துச் சொந்தம்.
தேவனாம்பட்டினத்தில், படகு இழுத்த தடத்துக்கு மேலே,
மணல் ஓடிவிடாமல் முழங்கால் போட்டு அழுத்திக்கொண்டிருக்கும்.
மூன்றே இலை. காம்பு கிடையாது,
மூன்றும் ஒரே இடத்தில் சப்பென்று உட்கார்ந்துவிடும்.
நுனி மழுங்கல்.
உப்புக்காற்றில் கூர் தேய்ந்தது என்று சொல்ல ஆசைதான்.
ஆனால் அது பிறவி.

உழவர் சந்தை வாசலில் ஒருவர்
கருநொச்சி என்று விற்பது வேறு குடும்பம்.
பெயரில் மட்டும் பங்காளி.
ஒரு கட்டு வாங்கி வந்து, பாதிவரை எழுதி,
கிழித்துப் போட்டேன்.

கேப்பர் மலைச் செம்மண் சரிவில்
காயா பூத்திருந்த அன்று
ஷம்சாத் கொஞ்ச நேரம் படமே எடுக்கவில்லை.
இலை எப்போதோ உதிர்ந்துபோன கணுக்களில்
பட்டையைக் கீறிக்கொண்டு வெளியே வந்து
கொம்போடு ஒட்டிக்கிடந்தது நுரை நுரையாய்.
"இதுதான் சார் நீலம். மத்ததெல்லாம் சும்மா."
பக்கத்தில்தான் திருவந்திபுரம்.
காயாம்பூ மேனி என்று ஒலிபெருக்கியில் வருவதை
சின்ன வயதிலிருந்து கேட்கிறேன்.
அது என்ன நிறம் என்று
பெருமாளிடமும் விசாரித்ததில்லை.

இறங்கும்போது கேட்டேவிட்டாள்.
"ஏன் சார், கலரை மட்டும் எப்பவும் என்கிட்டயே கேக்கறீங்க?"

ரயில் ஓட்டும் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தேன்.
டாக்டர் ஒரு வட்டத்தைக் காட்டினார், முழுக்கப் புள்ளிகள்.
உள்ளே இருக்கும் எண்ணைச் சொல் என்றார்.
நான் புள்ளிகளை
எண்ணத் தொடங்கினேன்.

அவள் சிரிக்கவில்லை. பாவம் பார்க்கவும் இல்லை.
பையிலிருந்து பழைய படிவங்களை உருவினாள்.
பதினேழாம் எண் புதர்:
மார்ச்சில் நீலம், ஜூலையில் ஊதா,
செப்டம்பரில் அடித்துத் திருத்தி மறுபடி நீலம்.
எல்லாம் அவள் சொல்ல நான் எழுதியது.
"வெயில் ஏறினா மாறுது சார். மேகம் போட்டா மாறுது.
எனக்குப் பசிச்சாக்கூட மாறுதுபோல."

சாயங்காலம், மணலில்,
இரண்டு கொத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு
கண்ணை மூடச் சொன்னாள்.
உள்ளங்கையில் ஒன்று வந்து விழுந்தது.
நடு இலையின் அடியைத் தடவினேன்.
காம்பு இருந்தது.
"கெடிலம்" என்றேன்.
அவளிடமிருந்து பதிலே இல்லை,
அலைதான் இரண்டு தடவை வந்துபோனது.

நிறத்தைக் காலியாக விட்டால்
அலுவலகக் கணினி வாங்கிக்கொள்வதில்லை.
அதனால் எல்லாவற்றிலும் நீலம் என்றே இருக்கும்.
நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.
ஒரு இலையை மட்டும்
திருப்பிப் பார்த்துவிடுங்கள்.