நான்காவது வளையம்

சுண்டுவிரல் நீளம்கூட இல்லை பிளக்.
அதில் நான்கு வளையம், நடுவே மூன்று கறுப்புக் கோடு.
நுனி இடக்காதுக்கு, அடுத்தது வலக்காதுக்கு,
மூன்றாவது எர்த், நான்காவது வாய்.
படத்தில் அப்படித்தான் போட்டிருந்தது.
ப்ரோனிஸ்லவ்ஸ் எட்டு யூரோவுக்கு என் தலையில் கட்டிய போனிலோ
எர்த்தும் வாயும் இடம் மாறிக் கிடந்தன.
இரண்டு ராத்திரி பற்றவைத்து, பிரித்து, பற்றவைத்து
கட்டைவிரலில் கொப்புளம் வாங்கிய பிறகுதான் தெரிந்தது.

ஜனவரியில் தேன்பெட்டியைத் திறக்கக் கூடாது.
லாட்கலேயில் மைனஸ் பதினேழு.
மூடியைத் தூக்கினால்
தேனீக்கள் நெருக்கியடித்துச் சேர்த்த சூட்டைக்
காற்று ஒரே வாயில் தின்றுவிடும்.
அதனால் இலையுதிரும்போதே
சட்டங்களுக்கு நடுவே மிளகளவு சென்சார் ஒன்றைத் தொங்கவிட்டிருந்தேன்.
சூடு ஏறினால் அதன் சுருதி ஏறும்.
போன் கேட்டு எண்ணாக்கும்.

பேட்டரி வைக்கவில்லை, குளிரில் முதலில் சாவது அதுதான்.
போனே வலக்காது வழியாக ஊட்டுகிறது:
மனிதருக்குக் கேட்காத ஒரு கீச்சு,
டயோடு தாண்டி, கெப்பாசிட்டரில் சொட்டுச் சொட்டாக.
இரண்டு கிலோஓம் தடை ஒன்றைக் குறுக்கே போட்டு
அந்தப் பக்கம் ஒரு வாய் இருப்பதாக
போனை நம்பவைத்திருக்கிறேன்.

முதல் பெட்டி: இருபத்திரண்டு டிகிரி.
இரண்டாவது: மைனஸ் பதினேழு.
கையுறையைக் கழற்றிப் பலகையில் ஒருமுறை தட்டினேன்.
சரி.
மூன்றாவதில் செருகி, எண் நிலைக்கக் காத்திருந்தபோது
திரையில் எவால்ட்ஸ்.
அயர்லாந்துக் காளான் பண்ணையிலிருந்து
ஞாயிற்றுக்கிழமைதான் கூப்பிடுவான்.
அன்று செவ்வாய்.
விறைத்த விரல் பச்சையைத் தொட்டுவிட்டது.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.
அவன் குரல் கம்பி வழியே பெட்டிக்குள் போய்
மின்சாரமாகிக்கொண்டிருந்தது.
பிளக்கை உருவ வேண்டும்.
எண் இன்னும் வரவில்லையே என்று நின்றேன்,
திரையில் வினாடிகள் ஓட.
நாற்பத்தொன்றில் உருவினேன்.
"ஹலோ" என்றேன்.
"நீயா?" என்றான், ஏமாந்தவன்போல.
என்னடா சொன்னாய், முதலிலிருந்து சொல் என்றேன்.
ஒன்றுமில்லை, சும்மாதான் என்றான்.

ஈஸ்டருக்கு, இரண்டு பெட்டியோடு, ஒரேயடியாக வந்துவிட்டான்.
உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே சொன்னான்:
"நான் பேசினால் ஒரு விசில் கேட்டது.
நிறுத்தினால் தேய்ந்து தேய்ந்து போயிற்று.
அது போய்விடக் கூடாதென்று
வாயில் வந்ததையெல்லாம் பேசினேன்."
வேலை போனதை. அறையைக் காலி செய்யச் சொன்னதை.
இன்னும் ஏதோ ஒன்றை; அதற்குள் கிழங்கு தீர்ந்துவிட்டது.

எப்படி இருந்தது அந்த விசில், ஊது பார்ப்போம் என்றேன்.
உதட்டைக் குவித்து ஊதினான்.
போனை அவன் வாயருகே பிடித்தேன்.

இருபத்துநான்கு டிகிரி.
சின்ன வயதிலிருந்தே அவனுக்குச் சுருதி நிற்காது,
ஒன்றிரண்டு முன்பின் இருக்கும்.