எவ்வளவு இழுத்தால் விடும்

பீஸ் ஆற்றுக்கு வடக்கே
டீசல் பம்புக்குப் பின்னால் எங்கள் கடை.
உத்தரத்தில் தொங்குவதெல்லாம் கண்ணி.
பெயரிலேயே கண் இருக்கிறது,
பார்வைதான் கிடையாது.
நவம்பரில் வருகிறவர்கள்
அண்ணாந்தபடியே உள்ளே நுழைவார்கள்,
பூட்ஸில் இருக்கும் பனியை உதறவும் மறந்து.

கேட்பது ஒன்றுதான்: அறுமா?
அறாது என்பேன்.
ஏழு புரி, புரிக்கு ஏழு இழை:
வளைந்து கொடுக்கும்,
கடித்தால் பிசிறு பிசிறாகப் பிரியும்.
ஒரே முறுக்கில் பத்தொன்பது இழை:
விறைப்பு, சட்டென்று மூடும்,
ஒருமுறை கோணிவிட்டால் குப்பைக்குத்தான்.
தூக்கத்திலும் இதையே சொல்கிறேனாம்.
ஓலெனா எழுப்பிக் கேட்பாள்,
"என்ன விலைக்குக் கொடுத்தாய்?"

டெல்ஃபின் கார்டினால் கேட்டது வேறு.
மே மாதம் தொடங்கிப்
பதினேழு குட்டி போயிருந்தது அவளுக்கு.
கடைசிக் குட்டியின் காதுப் பட்டையை
மேசைமேல் வைத்துவிட்டுக் கேட்டாள்:
"எவ்வளவு இழுத்தால் விடும்?"

இருபத்துமூன்று வருடத்தில்
என்னிடம் அப்படி யாரும் கேட்டதில்லை.
கண்ணாடியைத் தேடி எடுத்து
அட்டைப்பெட்டியின் பின்புறம் வாசித்தேன்.
பூட்டுக்கு அடியில் ஒரு வளைந்த கொக்கி.
நூற்று முப்பது கிலோவுக்கு நிமிர்ந்து கொடுக்கும்.
மான் நிமிர்த்தும், கன்றுக்குட்டி நிமிர்த்தும்.
கொயோட்டியால் ஆகாது,
நனைந்த மயிரோடு நிறுத்தாலும்
எலும்பும் பசியும் சேர்த்துப் பதினைந்து கிலோ.

"நாய்?"

பெரிய வெள்ளை நாயாம்.
மந்தையோடு படுத்து மந்தையோடு எழுவதாம்.
பயப்படாதீர்கள் என்றேன்.
கட்டிப் பழகிய நாய்
கழுத்தில் எது விழுந்தாலும் உட்கார்ந்துவிடும்,
யாராவது வருவார்கள் என்று.

"அவனைக் கட்டினதே இல்லை."

ஹீட்டர் ஒருமுறை நின்று
மறுபடி ஓடத் தொடங்கியது.

இரண்டு பூட்டை எடுத்து வைத்தேன்.
ஒன்று ஸ்பிரிங் வைத்தது,
இறுகினால் இறுகினதுதான்.
மற்றது
விலங்கு இழுப்பதை நிறுத்தினால்
தானும் நிறுத்திக்கொள்ளும்.
கையுறையைக் கழற்றினாள்.
கடிகாரம் வாங்க வந்தவள் போல
மணிக்கட்டை உள்ளே விட்டு இழுத்தாள்.
நிறுத்தினாள்.
மறுபடி இழுத்தாள், நான் வேண்டாம் என்றும்.
சிவந்த வரியைச் சட்டைக் கைக்குள் தள்ளிவிட்டு
"இதில் பன்னிரண்டு" என்றாள்.

தாங்கு கம்பி ஒரு சுருள்.
பளபளப்பு போகச் சோடா உப்பில் கொதிக்கவைத்து
ஸ்ப்ரூஸ் பட்டையில் ஊறப்போடச் சொன்னேன்.
வளையம் ஒரு சாண் அகலம்,
தரையிலிருந்து முழங்கால் உயரம்.
தலையாட்டிக்கொண்டே
வேறு அலமாரிக்குப் போனவள்
கழுத்துப்பட்டை ஒன்றும் சங்கிலி ஒன்றும்
கொண்டுவந்து வைத்தாள்.
"முதலில் இரண்டு வாரம் இது" என்றாள்,
என்னிடம் அனுமதி கேட்பதுபோல்.

மார்ச்சில் வந்தாள்.
பயன்படுத்திய சரக்கு திரும்பப் பெறப்படாது:
சுவரில் தொங்கும் அறிவிப்பு,
என் கையெழுத்துதான்.
பதினொரு கண்ணியை அவள் வைத்தபோது
மரப்பட்டை வாசனை.
கழுத்துப்பட்டையையும் வைத்தாள்.
ஓட்டைகளில் எதுவும் விரியவில்லை,
ஒருநாள்கூடப் போட்டதாகத் தெரியவில்லை.

"பன்னிரண்டாவது?"

"விட்டது."

எதை என்று நான் கேட்கவில்லை.
பட்டைக்கும் சேர்த்துப்
பணத்தை எண்ணிக் கொடுத்தேன்,
ஓலெனா திட்டுவாள்.
சட்டைக் கை சற்று மேலேறியிருந்தது,
அந்த வரி எப்போதோ மறைந்துபோயிருந்தது.

அவள் போனபிறகு
ஜன்னலோரம் நின்று பார்த்தேன்.
வண்டியின் பின்தட்டில் தார்ப்பாய்,
அதன்மேல் புதுப்பனி, கலையாமல்.
ஓட்டுபவள் பக்கத்துக் கண்ணாடி தெளிவாக இருந்தது.
மறுபக்கத்துக் கண்ணாடியில் மட்டும்
கீழிருந்து பாதி வரை
ஆவி படிந்திருந்தது.