காற்றுக்குளியல்

பாயான் லெப்பாஸில் எங்கள் அறைக்குள் நுழைய
பொட்டை எடுக்க வேண்டும்.
மை, பவுடர், மல்லிகை, காலையில் பூசிய திருநீறு
எல்லாம் வெளியே.
ஒட்டும் விரிப்பில் இரண்டு முறை மிதித்து
கண் மட்டும் தெரியும் வெள்ளை உடுப்பில்
கைகளைத் தூக்கிக்கொண்டு
காற்றில் சுற்றி நிற்க வேண்டும், இருபது விநாடி.
ஒரு தலைமுடி விழுந்தால்
ஒரு தட்டு சில்லுகள் குப்பைக்கு.
பதினான்கு வருடமாக இப்படித்தான் நுழைகிறேன்.

சுங்கை ஆரா வீட்டில்
என் மகன் கவினேஷ்
காசு கட்டாமல் வீடியோ வெட்டுகிற மென்பொருள் ஒன்றை
எங்கிருந்தோ இறக்கினான்.
உள்ளே வருமுன் அது ஒன்றே ஒன்று கேட்டதாம்:
காவல் மென்பொருளைக் கொஞ்சம் நிறுத்தி வை.
நிறுத்தி வைத்தான்.
வாசலில் நிற்கிறவர் நாயைக் கட்டச் சொன்னால்
நாம் கட்டுவதில்லையா அம்மா, என்றான் பிறகு.
சரியான பதில்தான்.
அதுதான் எரிச்சல்.

இரவு ஷிப்ட் முடிந்து வந்து பார்த்தால்
எல்லாக் கோப்புக்கும் வால் முளைத்திருந்தது.
சேமநிதி அறிக்கை, வருமான வரி,
கவினேஷின் வரலாற்றுப் பாடம்,
தண்ணீர்மலையில் எடுத்த அறுபத்து மூன்று தைப்பூசப் படம்.
எதைத் தட்டினாலும் திறக்கவில்லை.
நடுவில் ஒரு கடிதம், மரியாதையான ஆங்கிலத்தில்:
தொள்ளாயிரத்து எண்பது டாலர்,
எழுபத்திரண்டு மணி நேரம்.
இணையக் கம்பியைப் பிடுங்கினேன்.
பிடுங்கிய பிறகுதான் சீட்டு ஞாபகம் வந்தது.

லைனில் பன்னிரண்டு பேர், மாதம் இருநூறு வெள்ளி.
யார் எப்போது எடுத்தார்கள் என்பது
அந்த ஒரே பட்டியலில்.

காசு கட்டாதே என்றார் ரெலாவ் கடைக்கார ஆ செங்.
கட்டினாலும் சாவி வருமென்று என்ன நிச்சயம்?
துடைத்துவிட்டுப் புதிதாகப் போடலாம்.
நகல் வைத்திருக்கிறாயா?
தினமும் துணி போட்டு மூடுவேன் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை, நல்ல மனுஷன்.

பதினொரு பேரையும் கூப்பிட்டேன்.
எட்டு மாதம் ஓடியிருந்தது,
ஏழு மாதத்துக்கு ஆள் கிடைத்தது.
மார்ச்சுக்கு இல்லை.
மார்ச் தவமலர் என்று எனக்கு நினைவு.
நான் எடுக்கலையே, என்றாள்.
நன்றாக யோசி, என்றேன்.
அதற்குப் பிறகு ஃபோனில் கொஞ்ச நேரம்
அவள் வீட்டு மின்விசிறி மட்டும் கேட்டது.

மூன்று நாள் ஒரே மேஜையில்
முகமூடிக்கு மேலே தெரிகிற அவள் கண்களில்
கிருமி தேடிக்கொண்டிருந்தேன்.

நான்காம் நாள் நோராய்னி
ஏப்ரலில் நான் அவளுக்கு அனுப்பிய படத்தைத்
தன் ஃபோனில் தோண்டி எடுத்தாள்.
திரையைச் சாய்வாகப் பிடித்த படம்,
மூலையில் டியூப் லைட் வெளிச்சம்.
மார்ச்சுக்கு நேரே என் பெயர்.

அந்தக் கணினி வாங்கிய பணம்.
போனஸில் வாங்கியதென்றே
இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்தேன்.
போனஸ், கவினேஷின் பல் கம்பிக்குப் போயிருக்கிறது.

மறுநாள் காற்றுக்குளியலில் நானும் தவமலரும்.
பிடிபட்டவர்கள் போலக் கைகளைத் தூக்கி நின்றோம்.
மன்னிச்சுக்கோ, என்றேன்.
அந்த இரைச்சலில் கேட்டிருக்காது.
அவள் சுற்றினாள், நானும் சுற்றினேன்.
கதவு திறந்தது.

இப்போது ஞாயிறுதோறும் ஒரு வெளித்தட்டு:
செருகி, நகலெடுத்து, பிடுங்கிவிடுவேன்.
மற்ற நாளெல்லாம் அது மைலோ டின்னுக்குள்.
கவினேஷுக்குத் தனிக் கணக்கு.
என் கடவுச்சொல் இல்லாமல் எதையும் நிறுவ முடியாது.
முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறான், இருக்கட்டும்.

சீட்டுப் பட்டியல் மட்டும்
பள்ளி நோட்டொன்றில், நீலப் பேனாவில்,
தவமலரின் லாக்கரில் இருக்கிறது.
நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
உடனே வாங்கிக்கொள்ளவில்லை அவள்.
கண்ணாடியைப் போட்டு
மார்ச்சுக்கு நேரே விரலை வைத்து
பார்த்தாள்,
நன்றாக.