ஒரு சொல்லுக்கு வாக்கியம்

பீட்டர்ஹெட் துறைமுகம்.
மீன் ஆலை விட்டு, ஏழு மணிக்கு ஆங்கில வகுப்பு.
"ஃபேர். நடுநிலையான என்று பொருள்.
ஆளுக்கொரு வாக்கியம்," என்கிறாள் மோரக்.

டனூட்டே: நடுவர் ஃபேர்.
சரி.
கொஸ்மின்: இன்று வானிலை ஃபேர்.
அது வேறு ஃபேர்.
அதுவும் பொய்; வெளியே ஆலங்கட்டி.

"களிம்பு டப்பாவில் போட்டிருப்பது
எந்த ஃபேர்?"
எஃபுவா சும்மாதான் கேட்டாள்.
மோரக்குக்குக் காது மடல்வரை சிவந்துவிட்டது.

பிறகு எஃபுவா எழுதினாள்,
நகக்கண்ணில் இன்னும் மீன் செதில்:
கத்தி ஃபேர்.
யார் விரல் என்று பார்க்காது.
கூலிச்சீட்டு பார்க்கும்.

சிவப்புப் பேனா
மேலும் கீழும் தேடியது.
ஒரேயொரு 'தி' விடுபட்டிருந்தது.
அதைப் போட்டாள்.