நிழல் சேரும் வரை

மரத்துக்கு மரம் ஒன்பது மீட்டர்.
கம்பெனி ஆபீசர் நாடா பிடித்து அளந்தபோது
மறுமுனையைப் பிடித்திருந்தவள் நான்,
கூலி முந்நூறு.
குழி வெட்டிய இடமெல்லாம்
அவர் நோட்டில் ஏறியது.
வெட்டாத இடம்
என் கண்ணில் ஏறியது.

தானே புயலில் முந்திரி மொத்தமும் சாய்ந்த
காடாம்புலியூர்ச் செம்மண்.
அதற்கப்புறம் தெய்வசிகாமணி
எந்த மரத்தையும் முழுசாக நம்பியதில்லை.
மானியம் என்றார்கள், பாமாயில் கன்றுக்குத் தலையாட்டினார்.
நாலு வருஷம் குலை தள்ளாது.
நாலு வருஷமும் நடுவில் வெயில் சும்மா விழும்.
"சும்மா விழுற வெயிலுக்கு என்னா குத்தகை கேப்பீங்க?"
சிரித்தார். பிறகு யோசித்தார்.
யோசித்ததில்
ஏக்கருக்கு ஆறாயிரம் ஆகிவிட்டது.

பண்ருட்டியில் இருபது ரூபாய்ப் பத்திரம்.
அவர் மூணு வருஷம் என்றார், நான் அஞ்சு என்றேன்.
எழுத்தர் உமாபதி
இரண்டு பேரையும் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து
அவராகவே எழுதினார்:
'நிழல் சேரும் வரை.'
டீ ஆறிக்கொண்டிருந்தது. கையெழுத்துப் போட்டோம்.
அஞ்சலாட்சி என்பதில் ஒரு புள்ளி விட்டுப்போனது,
அவரே வைத்துக்கொடுத்தார்.

உளுந்து போடு என்றார்கள், மணிலா போடு என்றார்கள்.
நான் கெடிலத்தங்கரையில் நாணல் பிடுங்கினேன்.
யாரும் விதைக்காதது, யாரும் விலை கேட்காதது,
வெள்ளம் வந்தால் பாம்பு ஒதுங்குவது.
டிவிஎஸ்ஸில் மூன்று நடை, முதுகெல்லாம் அறுப்பு.
கன்றைச் சுற்றி இரண்டு மீட்டர் வட்டத்துக்குள்
ஒரு சோகை வரக்கூடாது என்றார் ஆபீசர்.
வரவில்லை.
வட்டத்துக்கு வெளியே
அது யாரிடமும் அனுமதி கேட்கவும் இல்லை.

வேடிக்கை பார்க்க வந்தவர்களெல்லாம்
வளைஞ்சு கொடுக்குற பயிராச்சே என்று
தெரிந்த பாடத்தையே ஒப்பித்தார்கள்.
நான் கேட்டது, டன்னுக்கு எவ்வளவு?

சேதராப்பட்டில் பாய்லர் பார்க்கும் இருதயராஜ்
கட்டுக்குள் ஒரு கம்பியைச் செருகுவான்.
கம்பிக்கு ஒரு டப்பா, டப்பாவில் ஒரு எண்.
"ஈரம் இருபத்திரண்டுக்கா. பதினஞ்சுக்கு மேல கழிப்பேன்."
"நேத்து வரைக்கும் வெயில்ல கெடந்துச்சுப்பா."
"கம்பி சொல்லுது."
ஐப்பசியில் கம்பியோடு பேசிப் பயனில்லை.
மாசியில் பன்னிரண்டு காட்டியது.
அன்றைக்கு அவனிடமே கேட்டேன்,
"கொறஞ்சதுக்குக் கூட்டித் தருவியா?"
கம்பியைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டான்.

இரவில் கட்டுகளுக்குக் காவல் படுத்திருப்பேன்.
தெற்கே நெய்வேலி வானம் செம்பட்டையாக இருக்கும்.
அங்கே எரிவது
ஆள் பிறக்காத காலத்துக் காடு.
என் தலைமாட்டில் கிடப்பது
போன ஆடியில் முளைத்தது,
அடுத்த ஆடியில் மறுபடி முளைப்பது.
இதை யாரிடமும் சொல்லவில்லை.
தூக்கம் வராதபோது தோன்றியது, அவ்வளவுதான்.

அஞ்சாம் வருஷம் புரட்டாசி.
போர்க்குழாய் ஓரத்து வரிசையில்
மட்டையும் மட்டையும் தொட்டுக்கொண்டன.
தெய்வசிகாமணி போன் செய்தார்: "சேந்துடுச்சு."
உச்சி வெயிலில் வந்து பார்க்கச் சொன்னேன்.
பத்திரத்தை மடியில் கட்டிக்கொண்டு வந்தார்.

நின்றோம்.
என் நாணல் அங்கே இடுப்புயரம்தான்,
தண்டு பென்சில் அளவு. எனக்குத் தெரியும்.
ஆனாலும் காற்று அடித்தது.
மட்டைகள் விலகின,
ஒரு சாக்கு விரிக்கிற அளவு வெயில்
இருவர் காலடியிலும் விழுந்தது.
"பிரியுதே" என்றேன்.
காற்று நின்றது.
"சேருதே" என்றார்.
மறுபடி அடித்தது.
அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கிழக்கு வரிசைகளை மாசி வரைக்கும் விட்டுத்தந்தார்.
மற்றதில் நாளையிலிருந்து தூர் பறிப்பேன்.
சாத்திப்பட்டுப் பக்கம் யாரோ
ஏழு ஏக்கரில் புதுசாகக் குழி வெட்டுகிறார்களாம்.
நாடா பிடிக்க ஆள் தேடுகிறார்களாம்.
போக வேண்டும்.
ஆனால் சேதி பரவிவிட்டது,
சும்மா விழுகிற வெயிலுக்கு
இந்த முறை எட்டாயிரம் கேட்பார்கள்.